வெந்ததைப் பச்சையாக்குபவள்

டயர்க் கடையில் இரண்டே வகை ரப்பர்தான் உண்டு. பச்சை, வெந்தது. பச்சை என்றால் நிறம் இல்லை, அதுவும் கறுப்புதான். இன்னும் சூடு காணாத ரப்பர் என்று அர்த்தம். விரலில் ஒட்டும், இழுத்த இழுப்புக்கு வரும், பிசைந்தால் பிசைந்தபடி கிடக்கும். அதில் கந்தகம் கலந்து, டயரின் கிழிசல் மேல் வைத்து, இரும்புத் தட்டுகளுக்கு நடுவே இறுக்கிச் சூடு காட்டினால் வெந்துவிடும். வெந்தபின் அதற்கு வேறு குணம். ஒட்டாது, உருகாது, யார் பேச்சையும் கேட்காது. தேய்ந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். தூக்கிப் போட்டாலும் மக்கித் தொலையாது. எரித்தால் எரியும், அதுவும் சுற்றுவட்டாரத்தையே இரும வைத்துவிட்டுத்தான் எரியும்.

இந்த இரண்டு சொற்களோடுதான் டயர்க் கடைக்காரரின் மகள் வேதியியல் படிக்கப் போனாள். வகுப்பில் ஆசிரியர் பலகையில் நீளநீளமாகக் கோடுகள் இழுத்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே குறுக்கே சின்னச் சின்னப் பாலங்கள் போட்டு, "இதுக்குப் பேரு குறுக்குப் பிணைப்பு" என்றார். "அட, இது வெந்தது!" என்று இவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "அதேதான். வேக வைக்கிறதுன்னா இந்தப் பாலத்தப் போடறதுதான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அவள் கால் தரையில் படவில்லை.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. அப்பா இறந்ததும் கடைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவன் அவன்தான். "எனக்குப் படிப்பு மண்டையில ஏறாதுக்கா, நீ போ" என்றான். ஏறுமா ஏறாதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தியாகம் கியாகம் என்று யாராவது அவன் முன்னால் வாயைத் திறந்திருந்தால் கையில் இருக்கும் டயர் கழற்றும் லீவரால் ஒரு போடு போட்டிருப்பான். அப்படிப்பட்ட ஆள். கடையில் எல்லாரோடும் வம்பளப்பான், எல்லாரையும் கிண்டலடிப்பான், அக்கா என்று வந்துவிட்டால் மட்டும் குரலில் ஒரு மரியாதை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைக்குப் பின்னால் ஒரு காலி இடம். அங்கே அப்பா காலத்திலிருந்து சேர்ந்த பழைய டயர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ஆராய்ச்சிப் படிப்பில் சேர இடம் கிடைத்த செய்தியோடு அவள் ஓடி வந்த அன்று, தம்பி அந்தக் குவியலை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத அள்ளிட்டுப் போகச் சொல்லி ஆள் பார்த்திருக்கேன்க்கா. இடம் காலியானா லாரி டயர் வேலையும் எடுக்கலாம்."

அவளுக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்த நேரம் அது. என்னதான் செய்யப் போகிறேன் என்று அவளுக்கே முழுசாகத் தெரியாத நேரமும் அதுதான்.

"தூக்கிப் போடாதடா. நான் என்ன ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு நெனச்ச? வெந்தத திரும்பப் பச்சையாக்கற வேலை. இந்தக் குவியல் பூரா ஒருநாள் உனக்குப் புது ரப்பரா வரும் பாரு."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவன் அந்தக் குவியலைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் கடைசிவரை மறக்கவில்லை. அதுவரை குப்பையாகத் தெரிந்தது அந்த நொடியே அவன் கண்ணுக்குச் சொத்தாகிவிட்டது. சாயங்காலமே அள்ளவந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஆய்வகத்தில் அவள் சேர்ந்த குழுவின் தலைவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். உருவத்தில் சின்னவர், கோபத்தில் பெரியவர். அவர் அவளுக்குக் கொடுத்த வேலை, பிரித்துப் பிரித்துச் சேர்க்கக்கூடிய பிணைப்புள்ள ரப்பர். பேச்சு வழக்கில் சொன்னால் இப்படி: சாதாரண ரப்பரில் கந்தகப் பாலம் தைத்துவிட்ட தையல் மாதிரி. பிரிக்கப் போனால் துணியும் சேர்ந்து கிழியும். இவர்கள் அந்த இடத்தில் பிரஸ் பட்டன் வைக்கப் பார்த்தார்கள். சூடு காட்டினால் பட்டன் திறக்கும், ரப்பர் இளகும், வேறு அச்சில் ஊற்றலாம். ஆறினால் பட்டன் மூடிக்கொள்ளும், மறுபடி கெட்டி ரப்பர். சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது! செய்ய ஆரம்பித்தால் பட்டன் ஒன்று திறக்கவே திறக்காது, இல்லாவிட்டால் வெயில் பட்டதற்கே திறந்து கொழகொழவென்று வழியும். சிரித்த முகமாக உள்ளே போன பலர் அந்த ஆய்வகத்தை விட்டுச் சிடுமூஞ்சியாகத்தான் வெளியே வந்தார்கள்.

அவளுக்கு வேலை பிடித்திருந்தது. தம்பி கொடுத்தனுப்பிய டயர்த் துண்டு ஒன்று எப்போதும் அவள் மேசையில் கிடக்கும். ஒருநாள், தன் முதல் ரப்பர் சூட்டில் இளகி இரண்டாம் முறை வார்ப்புக்கு வந்த சந்தோஷத்தில், அந்த டயர்த் துண்டை நறுக்கி அதே அழுத்தும் இயந்திரத்தில் வைத்தாள். அதே சூடு, அதே அழுத்தம். கொஞ்ச நேரத்தில் ஆய்வகம் முழுக்க நாற்றம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். தட்டைப் பிரித்தால் உள்ளே கருகிய பொடி.

பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"டயர் சார். பழசு."

"பழைய டயர இதுல ஏன் வச்ச?"

"நம்ம முறைல உருகுமான்னு..."

பெரியவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "பட்டன் வச்சுத் தச்ச சட்டையத்தான் பட்டனத் திறந்து கழட்ட முடியும். நூலப் போட்டுத் தச்சதுல பட்டன் எங்கேர்ந்து முளைக்கும்? நாம பண்றது இனிமே செய்யப் போற ரப்பருக்கு. ஏற்கெனவே வெந்ததுக்கு இல்ல. இது உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் இல்லை. படித்திருந்தாள், எழுதியிருந்தாள், கருத்தரங்கில் பேசியும் இருந்தாள். ஆனால் கடைக்குப் பின்னால் கிடந்த குவியலோடு அதை ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. அறிவு ஒரு அறையில், வாக்கு ஒரு அறையில் என்று நடுவில் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். படித்தவர்களுக்கு இந்த வித்தை நன்றாக வரும். பழைய டயரைப் பொடியாக்கலாம், சாலைக்குப் போடும் தாரில் கலக்கலாம், சூளையில் எரிக்கலாம். அவள் தம்பி நம்பிக் காத்திருந்தபடி பச்சையாக்க அவளால் ஆகாது. அவள் முறையால் ஒருநாளும் ஆகாது.

அந்த வார இறுதியிலேயே சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். "என் ரப்பர் வேற, உன் ரப்பர் வேறடா." வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

கடைக்குப் போனால் அங்கே தம்பி வாடிக்கையாளர் ஒருவரைக் குவியலுக்கு அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தான். "இதெல்லாம் குப்பைன்னு நெனைக்காதீங்க. எங்க அக்கா ஆராய்ச்சி பண்றாங்க. வெந்தத பச்சையாக்கறாங்க." அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "இதோ, அவங்களே வந்துட்டாங்க! சொல்லுக்கா, எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

வாடிக்கையாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தம்பி அவள் வாயையே பார்த்தான்.

"கொஞ்சம் நாளாகும்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தை அவள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு எத்தனையோ தடவை அதையே சொன்னாள். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சொன்னாள். தையல் மெஷினோடு புகுந்த வீட்டுக்கு வந்த தம்பி பெண்டாட்டி, ஒருநாள் துணியை மடித்தபடியே, "அண்ணி, நெஜமாவே முடியுமா அது? பின்னாடி ஒரே கொசு. மழை பெஞ்சா டயருக்குள்ள தண்ணி தேங்குது. பக்கத்துல எல்லாரும் எங்கள ஏசறாங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் இவர்ட்ட பேசி எடுத்துடறேன்" என்று நேருக்கு நேராகவே கேட்டாள். கேள்வி நல்ல தையல்காரியின் கத்தரி மாதிரி நேராக வந்தது. பதிலும் நேராகப் போயிருக்கலாம். அவள் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்காமல், "முடியும்மா, கொஞ்சம் நாளாகும்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? பயம்தான், வேறென்ன. அவளை ஏதோ பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே வீடு அது. ஆய்வகத்தில் அவள் எல்லாரையும் போல ஒருத்தி. கருவி உடைந்தால் திட்டு வாங்குவாள், கட்டுரை திரும்பி வந்தால் கழிப்பறையில் போய் அழுவாள். தம்பியின் கடை வாசலில் இறங்கும்போது மட்டும் அவள் நடையே வேறு. அந்த நடையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவர்களுடைய ரப்பரைப் பற்றி ஒரு பத்திரிகையில் துணுக்கு வந்தது. 'மீண்டும் மீண்டும் உருகும் ரப்பர்' என்று தலைப்பு. தம்பி அதைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, காற்றடிக்கும் பம்புக்கு மேலே மாட்டிவிட்டான். உள்ளே எழுதியிருந்ததைப் படித்திருந்தால் அவனுக்கே விளங்கியிருக்கும். தலைப்பைத் தாண்டி அவன் போகவில்லை. அக்கா செய்ததை அக்கா வாயால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

இதில் இன்னொரு கூத்து. அந்த ரப்பர் வேலையும் நிலைக்கவில்லை. பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை விரித்ததும், பெரியவர் குழுவை மொத்தமாக ஜெல் பக்கம் திருப்பினார். ஜெல் என்றால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலை. நூலும் பாலமும் அதே கதைதான், நடுவில் தண்ணீர் மட்டும் கூடுதல். பாலத்தைக் கூட்டினால் கெட்டி, குறைத்தால் இளசு. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல ஜெல்லின் கெட்டித்தனத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அவர்கள் தொழில்.

ஜெல் ஆகிவிட்டதா என்று பார்க்க ஆய்வகத்தில் ஒரு எளிய வழி உண்டு. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. வழிந்தால் ஆகவில்லை, அப்படியே மேலே தொங்கிக்கொண்டிருந்தால் ஆகிவிட்டது. அவளுக்கு அது கைவழக்கமாகிவிட்டது. கையில் எது கிடைத்தாலும் கவிழ்ப்பாள். வீட்டுத் தேன் பாட்டிலைக் கவிழ்ப்பாள், பேனாவுக்கு ஊற்றும் மையைக் கவிழ்த்து மேசையை நாசமாக்குவாள். கூட வேலை செய்தவர்கள் கவிழ்ப்பம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். தம்பிக்கு அந்தப் பேர் தெரிந்ததும் ஒரே கொண்டாட்டம். "என்னையும் ஒருதரம் கவிழ்த்துப் பாருக்கா, ஆயிட்டேனா இல்லையான்னு" என்பான்.

அந்தக் கவிழ்ப்புகளில் ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் உருப்படியாக வந்தது. தீக்காயத்துக்கான ஜெல். தீக்காயத்தில் மருந்தைவிடக் கொடுமை கட்டு மாற்றுவது. துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது புதுத் தோலும் கூடவே வரும். இவள் ஜெல் புண்ணின் மேல் கெட்டியாகப் படிந்து உட்கார்ந்துகொள்ளும். எடுக்க வேண்டும் என்றால் ஒரு கரைசலை ஊற்றினால் போதும், பட்டன்கள் ஒவ்வொன்றாகத் திறந்து ஜெல் தண்ணீராக வழிந்துவிடும். உரிக்கவே வேண்டாம். ரப்பரில் சூட்டுக்குத் திறந்த பட்டன் இங்கே கரைசலுக்குத் திறந்தது, அவ்வளவுதான். ஆய்வகத்தில் எல்லாச் சோதனையும் தேறியது. மனிதர் மேல் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள். அது எங்கெங்கோ மேசைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது.

ரப்பரை விட்டுவிட்டதையும் அவள் தம்பியிடம் சொல்லவில்லை.

குவியல் வளர்ந்தது. அப்பா காலத்து டயர்கள் அடியில் போயின. மேலே மேலே புதுசு ஏறிற்று. பக்கத்துக் கடைக்காரர்கள் தேய்ந்த டயரைக் கொண்டுவந்து அவனிடமே போட்டார்கள், அவனும் ஏதோ சேமிப்பு போல வாங்கி அடுக்கினான். செங்கல் சூளைக்காரர் லாரியோடு வந்து நின்றார், நல்ல விலை சொன்னார். "எரிக்கவா? எங்க அக்கா வரும்போது நான் எத காட்டறது?" என்று தம்பி விரட்டிவிட்டான். லாரி டயர் வேலை எடுக்க இடம் இல்லாமல் போயிற்று. அந்த வேலையை எதிர்க்கடைக்காரன் எடுத்து மாடி வீடு கட்டிவிட்டான். தம்பி அதற்கும் சிரித்தான்.

ஒரு மத்தியானம், பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு பொறி பறந்து வந்து விழுந்தது. காய்ந்த புல்லில் பிடித்து, டயரில் ஏறியது. தம்பி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். புகையைப் பார்த்துத் தெருவே வெளியே ஓடியது. அவன் உள்ளே ஓடினான். எரியாத டயர்களைக் கையால் பிடித்து இழுத்து இழுத்து வெளியே வீசினான். பெண்டாட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், சட்டைதான் கையோடு வந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அவன் இரண்டு கையும் முழங்கைக்கு மேல்வரை வெந்திருந்தது.

வெந்திருந்தது என்று தம்பி பெண்டாட்டி போனில் சொன்னாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் அப்படியே ஆய்வகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவன் படுக்கை கடைசி அறையில் இருந்தது. கைகளை இரண்டு பக்கமும் உயர்த்திக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் அவன் போடும் சத்தத்தில் தாழ்வாரமே அதிர்ந்தது. நர்சின் முன்னோர் ஒருவரையும் விடமாட்டான். அம்மாவைக் கூப்பிடுவான், செத்துப்போன அப்பாவை வம்புக்கு இழுப்பான், நடுவில் ஏதாவது கிண்டலும் அடிப்பான். வெளியே மற்ற நோயாளிகளின் வீட்டு மனுஷர்கள் பதறவும் செய்வார்கள், சிரிக்கவும் செய்வார்கள். முடிந்ததும் நர்சைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பான். "கத்தலன்னா வலி உள்ளயே தங்கிடும்மா. உன்ன இல்ல, வலியத்தான் திட்டினேன்" என்பான். நர்சும் பழகிவிட்டாள். "கத்துங்கண்ணே, உங்க சத்தம் கேக்கலன்னாத்தான் எங்களுக்கு பயம்" என்பாள்.

அக்கா தாழ்வாரத்தில் நிற்பாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு எந்த இடத்தில் துணி உரிகிறது என்று தெரியும். தெரிந்து தொலைப்பதுதான் அவள் படிப்பு. ஊற்றினால் வழிந்துவிடும் ஜெல் அவள் ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டரின் அறையில் அதை மேசைமேல் வைத்தாள். டாக்டர் எடுத்துப் பார்த்தார். கவிழ்த்தார். ஜெல் அசையாமல் மேலேயே நின்றது.

"நல்லா இருக்கு. படிச்சிருக்கேன் உங்க வேலைய" என்றார். "அனுமதி வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"என் தம்பி, டாக்டர்."

"உங்க தம்பிங்கறதாலதான் நான் ரொம்ப யோசிக்கணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஜெல் எந்த நோயாளிக்கும் போய்ச் சேராது. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. குப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. அண்ணியைப் பார்த்துக் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சூளைக்காரர் வந்தாரு அண்ணி. லாரி வாசல்ல நின்னுச்சு. ஏத்திட்டு போயிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இவருதான் எங்க அக்கா வருவாங்கன்னு..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போய்ப் பக்கத்துல இருங்க. மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நான் கீழ போயிட்டு வந்துடறேன்."

அவள் உள்ளே போனாள். தம்பி விழித்துத்தான் இருந்தான். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். வழக்கமான சிரிப்பு வரவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி கண்ணை ஒருபக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத."

"என்னடா?"

"உன் டயரக் காப்பாத்த முடியலக்கா."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"மேல கெடந்தத கொஞ்சம் இழுத்துப் போட்டேன். அப்பா காலத்துதெல்லாம் அடில இருந்துச்சு. அதுதான் நீ மொதல்ல கேப்பன்னு தெரியும். அதெல்லாம் போயிடுச்சு. இத்தன வருஷம் பத்திரமா வச்சிருந்தேன், கடைசில இப்படிப் பண்ணிட்டேன். நீ கண்டுபிடிச்சுட்டு வந்து நின்னா எத வச்சு செய்வ? எனக்கு அதுதான் தூக்கமே வரல. என்ன மன்னிச்சிடுக்கா."

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளிடம். இரண்டு கையும் கட்டுப் போட்டுத் தொங்க, அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போதும் "பரவால்லடா, விடு" என்று சொல்லிவிட்டால் போதும். குவியல் எரிந்துவிட்டது. வாக்கும் கூடவே எரிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாமலே கணக்குத் தீர்ந்துவிடும். அவளுடைய நடையும் அவளிடமே இருக்கும்.

"என் ரப்பர் வேற, உன் ரப்பர் வேறடா" என்றாள்.

"என்னது?"

"நான் பண்ணின ரப்பர் உருகும். அது மொதல்லயே உருகற மாதிரி பண்ணினது. உன் டயர் உருகாது. தச்ச துணிய பட்டனத் திறந்து பிரிக்க முடியாதில்ல, அது மாதிரி."

அவன் யோசித்தான். நெற்றியில் கோடு விழுந்தது. "அப்போ நம்ம டயரு?"

"ஆகாது."

"கொஞ்சம் நாளாகும்னு..."

"என்னால எப்பவுமே ஆகாதுடா. நீ வச்சிருந்ததுல ஒண்ணுகூட ஆகியிருக்காது. எரிஞ்சதுல ஒரு நஷ்டமும் இல்ல. நீ கை வச்சிருக்கவே வேணாம்."

அவன் தொங்கும் தன் கைகளை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று அவள் எதிர்பார்த்தாள், திட்டமாட்டானா என்று ஏங்கினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

பொய் சொல்ல இடம் இருந்தது. போன வருஷம் என்றிருக்கலாம்.

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியே."

அவன் மெல்லத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னென்னவோ வாய்வரை வந்தது. எல்லாமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு. கதவு திறந்தது. நர்ஸ் தட்டோடு வந்தாள்.

"கட்டு மாத்தணும். அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க."

"டேய்" என்றாள் அக்கா.

"வெளிய இரு, அக்கா" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே. குரலில் அதே மரியாதை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் வழக்கமான இடத்தில் போய் நின்றாள். பைக்குள் குப்பி எதிலோ இடித்துச் சத்தம் போட்டது. உள்ளே தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. கத்தரி வெட்டும் சத்தம் கேட்டது. பழைய துணியை நனைக்கத் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டது. இனி துணியைத் தூக்குவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களும் பழக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நர்சின் குரல்தான் கேட்டது. "வலிச்சா கத்துங்கண்ணே. பரவால்ல, கத்துங்க." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், தணிவாக, "என்னண்ணே, ஏன் இப்படிப் பல்லக் கடிக்கறீங்க?"

மருந்துப் பொட்டலத்தோடு படியேறி வந்த தம்பி பெண்டாட்டி, தாழ்வாரம் அமைதியாக இருப்பதைப் பார்த்து நடையை எட்டிப் போட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா அண்ணி?"

"ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்றாள் அவள்.